சப்பாத்து அலமாரிக்குக் கீழே ஒரு சர்வர்

என் வீட்டுக்காரர் சுகுமாறன் வாய் திறந்து பேசி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கட்டிக்கொண்ட நானே அதிகம் கேட்டதில்லை. சிம்பாங் ரெங்கம் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து, மாசாய்க்கு வந்து தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சனி, ஞாயிறுகளில் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறார். எதைக் கேட்டாலும் "ம்". அந்த "ம்" ஆமாவா இல்லையா என்று கண்டுபிடிப்பதிலேயே என் பாதி ஆயுசு போய்விட்டது.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒருநாள் வேலையிடத்தில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது என்னங்க குப்பை?"

"சர்வர். நம்ம கூடாரத்துக்கு வெப்சைட் செய்யப்போறேன். எவனோ ஒருத்தன் இடத்துல வாடகைக்கு வைக்காம, நம்ம வீட்லயே வைக்கலாம். யாராச்சும் நம்ம பேர அடிச்சா, இந்தப் பெட்டியிலேருந்து பக்கம் போகும்."

ஒரே மூச்சில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இண்டர்நெட் பெட்டி, வாசலில் செருப்பு சப்பாத்து அடுக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் இருந்ததால், சர்வரும் அந்த அலமாரிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. அதை அணைக்கவே கூடாதாம். ராத்திரி பகலாக 'ஙொய்' என்று சத்தம்.

பக்கம் தயாராவதற்கு முன்பே மனிதர் வெப்சைட் முகவரியைக் கூடாரம் ஏற்றும் லோரியின் பின்கதவில் எழுதிவிட்டார், கார்டும் அடித்துவிட்டார். அவ்வளவு ஆசை. பிறகு சோபாவில் உட்கார்ந்து கைப்பேசியில் அந்த முகவரியைத் தட்டினால், சுற்றுகிறது, சுற்றுகிறது, வரவே இல்லை. என் கைப்பேசியிலும் வரவில்லை. ஆனால் முகவரிக்குப் பதிலாக ஏதோ ஒரு நம்பரைப் போட்டால் நீலக் கூடாரம், சிவப்பு நாற்காலி, எங்கள் தொலைபேசி எண் எல்லாம் பளிச்சென்று வருகிறது. அந்த நம்பர் வீட்டுக்குள் மட்டும்தான் செல்லுமாம்.

"அலமாக்! பேர் போட்டா வரல, நம்பர் போட்டா வருதா? என்னங்க கூத்து இது?"

"இண்டர்நெட் பெட்டியில வழி தொறந்து விட்டேன். யூடியூப்ல சொன்ன மாதிரிதான் செஞ்சேன்," என்று தலையைச் சொறிந்தார். "வீட்டுக்குள்ள மட்டும்தான் தெரியுது போல. வெளிய போகல."

தெரிந்தவர் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள் என்றேன். "ம்" என்றார். தினமும் வேலை முடிந்து வந்து குளித்ததும் ஒரு ஸ்டூலைப் போட்டு அலமாரி முன்னால் உட்கார்ந்துவிடுவார். எதையாவது மாற்றுவார். மாற்றியது ஏறிவிட்டதா என்று பார்க்க, கூடாரப் படத்துக்குக் கீழே ஒரு வரி தட்டுவார். என்ன எழுதுகிறார் என்று நான் எட்டிப் பார்த்ததில்லை. யாருக்குமே தெரியாத பக்கத்தில் என்ன இருந்தால் எனக்கென்ன?

எனக்கு அப்போது தலைக்கு மேல் வேலை. மகள் ஷர்மினிக்கு அடுத்த மாதம் பரிசம். மாப்பிள்ளை ரூபேந்திரன், செனாயில் சொந்த வீடு, நல்ல வேலை. அவனுடைய அம்மா கோயிலில் எனக்குப் பழக்கம். நான்தான் பேசி முடித்தேன். சிங்கப்பூருக்குத் தினம் பஸ் ஏறி வேலைக்குப் போகிற பிள்ளை, "உங்க இஷ்டம்மா" என்றாள். அப்பா "ம்" என்றார். போதாதா?

அந்தச் சமயத்தில்தான் ஊரில் என்னவோ நடக்க ஆரம்பித்தது. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் கூட இருக்கும் வாசுகி, "கால் வீக்கம் கொறஞ்சிருச்சா அக்கா?" என்று கேட்டாள். நான் யாரிடமும் சொல்லவே இல்லையே! கோயிலில் ஒரு அம்மா, "நெத்திலி சம்பலுக்கு உப்பு கொஞ்சம் கம்மியா போடுங்க லா" என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சுவரில் காது வைக்கிறாளோ என்று சந்தேகப்பட்டேன். ஷர்மினியைத்தான் பிடித்துத் திட்டினேன். "நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலம்மா," என்று சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரூபேந்திரனின் அம்மா போன் செய்தார்.

"தனலெட்சுமி, பொண்ணுக்கு இஷ்டமில்லன்னா என்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"ஐயோ, யாருங்க அப்படிச் சொன்னது?"

"உங்க வீட்டுக்காரர்தான் எழுதியிருக்காரே. பரிசத்துக்கு எந்தக் கலர் கூடாரம் போடலாம்னு பார்க்க, கார்டுல இருந்த வெப்சைட்டத் தொறந்தேன். படிச்சிட்டு எனக்கு நெஞ்சே அடைச்சிருச்சு."

இரண்டு வரி எழுதச் சொன்னால் பேனா கிடைக்கவில்லை என்பவரா எழுதினார்? போனை வைத்துவிட்டு முகவரியைத் தட்டினேன். வழக்கம்போல் சுற்றியது, வரவில்லை.

"ஏங்க! சம்பந்தியம்மா என்னமோ சொல்றாங்க. உங்க பக்கத்துல அப்படி என்ன எழுதி வச்சிருக்கீங்க?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அது வெளிய தெரியாது தனம். வெளிய போகவே இல்லையே."

ஷர்மினி அறையிலிருந்து வந்தாள். என் கைப்பேசியை வாங்கி, வைஃபையை அணைத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தாள். "இப்பப் பாருங்க."

நீலக் கூடாரம் வந்து நின்றது.

"நம்ம வைஃபையிலேருந்து நம்ம பேர அடிச்சா, வெளிய போய்ட்டு நம்ம வாசலுக்கே திரும்பி வரணும்பா. நம்ம பெட்டிக்கு அப்படித் திருப்பிவிடத் தெரியாது. அதான் வீட்ல மட்டும் தெறக்கல. வெளிய எல்லாருக்கும் மொத நாள்லேருந்தே தெறக்குது."

வேலையிடத்தில் அவர் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும். சனி, ஞாயிறில் கூடாரம் கட்டும் இடத்தில் அதைத் தொடவே நேரமிருக்காது. வீட்டுக்கு வந்தால் வைஃபை. அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

"ஒனக்கு எப்படிடி தெரியும்?"

"தினமும் பஸ்ல படிப்பேன்."

"அப்பாகிட்டச் சொல்லக் கூடாதா?"

"சொன்னா எழுதறத நிறுத்திருவாரு," என்றாள்.

கூடாரத்துக்குக் கீழே வரிசையாக இருந்தது. நான் நின்றபடியே படித்தேன்.

'சோதனை. இன்று நல்ல மழை.'

'சோதனை. நெத்திலி சம்பலில் உப்பு ஜாஸ்தி. நான் சொல்லவில்லை. சொன்னால் தனம் கோபிப்பாள்.'

'சோதனை. தனத்துக்குக் கால் வீங்கியிருக்கிறது. நாள் முழுக்க நின்று வேலை செய்கிறாள். தைலம் வாங்கி மேசையில் வைத்தேன்.'

அந்தத் தைலத்தை ஷர்மினி வாங்கி வைத்தாள் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்?

'சோதனை. ஷர்மினி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. பிள்ளைக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. தனத்திடம் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம்.'

'சோதனை. இன்றும் சொல்லவில்லை.'

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. "அப்பா எழுதியிருக்கிறது நெசமா? நான் கேட்டப்ப உங்க இஷ்டம்னு சொன்னியே?"

ஷர்மினியின் கண் நிறைந்துவிட்டது. "நீங்க கேக்கலம்மா. முடிச்சிட்டு வந்து சொன்னீங்க."

நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். வாசுகிக்குத் தெரிந்திருக்கிறது, கோயிலில் தெரிந்திருக்கிறது, செனாய் வரைக்கும் தெரிந்திருக்கிறது. என் அடுப்படியில் நின்ற எனக்குத்தான் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ரூபேந்திரனின் அம்மாவைக் கூப்பிட்டேன். "எழுதினது நெசம்தாங்க. எம் பிள்ளைக்கு இஷ்டமில்ல. அவகிட்ட மொதல்ல கேக்காதது என் தப்பு," என்றேன். அவர் நிறையப் பேசினார். பேசட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அலமாரி முன்னால் குனிந்திருந்தார்.

"என்ன செய்றீங்க?"

"எல்லாத்தயும் அழிச்சிடறேன் தனம்."

"கைய எடுங்க மொதல்ல," என்று கத்தினேன். "நான் இன்னும் முழுசா படிக்கல."