முதலில் அவள் போனில்

புது அப்டேட் வந்திருக்கிறது, இப்போதே போட்டுக்கொள்ளலாமா என்று போன் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை எதற்கு மாற்ற வேண்டும்? ஒருவன் வீடு தேடி வந்து ஒன்றை இலவசமாக நீட்டினால் நான் அவன் மூஞ்சியை இரண்டு முறை பார்க்கிற ஆள். 'பிறகு' என்பதை அழுத்தினேன். மறுநாள் மறுபடியும் கேட்டது. மூன்று வாரம் இப்படியே ஓட்டினேன்.

பெங்களூர் ஆபீஸில் என் வருகைப்பதிவு அந்த போனில்தான். அது படுத்தால் அன்றைக்கு நான் ஆப்சென்ட். ஆபீஸுக்குப் போகும் காலை ரயிலில் எங்கள் பெட்டியில் அப்டேட்டைப் பற்றி விசாரித்தேன். ஒருவர் பேட்டரி நிற்பதில்லை என்றார். இன்னொருவர் போட்டு ஒரு வாரமாகிறது, ஒன்றும் ஆகவில்லை என்றார். எனக்கு அவர்மேல்தான் அதிகச் சந்தேகம். தான் மாட்டிக்கொண்டதை எவன் ஒத்துக்கொள்வான்?

அப்பா மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஷாஃப்ட் வேலை பார்த்தவர். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கேஜின் இரும்பு ரோப்பைப் புதிதாக மாற்றினால் உடனே ஆட்களை ஏற்றமாட்டார்களாம். கேஜில் கல்லை நிரப்பி, இறக்கி ஏற்றிப் பார்த்த பிறகுதான் ஷிஃப்ட் உள்ளே போகும். நானும் அப்படிச் சோதித்துப் பார்க்க ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன்.

என் மனைவியின் போனும் அதே மாடல். இரண்டையும் ஒன்றாகத்தான் வாங்கினோம். அவளுடைய தம்பி போன வருடம் இறந்துவிட்டான். அவன் பேசிய ஏழெட்டு அழைப்புகள் அவள் போனில் பதிவாகியிருந்தன. சமையல் முடிந்ததும் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். "அக்கா, ரயில்ல சீட் கெடச்சிடுச்சி, நீ சாப்ட்டியா" என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். என் போனில் இருந்ததை முந்தின வாரமே ஆபீஸ் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து வைத்தவன், அவளுடையதை எடுத்து வைக்க நினைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அவள் கறி வாங்கப் போனாள். அவள் போனில் அப்டேட்டை நான் அழுத்தினேன். திரை கறுத்தது, கம்பெனிப் படம் வந்தது, அப்படியே நின்றது. அவள் திரும்பி வந்தபோதும் அந்தப் படம்தான். செய்ததைச் சொன்னேன். கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு என்னோடு கடைக்குக் கிளம்பினாள்.

கடைக்காரர் ஒரு மணி நேரம் முட்டி மோதிப் பார்த்தார். எல்லாவற்றையும் அழித்தால்தான் போன் எழுந்திருக்கும் என்றார், காப்பி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். இல்லை என்றேன். எல்லாவற்றையும் அழித்துத்தான் அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டு வாசலில் அவள் கேட்டாள்.

"ஒங்க போனு பத்திரமா இருக்குதில்ல?"

இருக்கிறது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் போன் இப்போது முன்னைவிட வேகமாக ஓடுகிறது. என்னுடையதில் இன்னும் நான் அப்டேட் போடவில்லை. இத்தனை வருடம் பூட்டே இல்லாமல் கிடந்த போனுக்கு அவள் நம்பர் பூட்டு போட்டிருக்கிறாள். குளிக்கப் போனாலும் கையோடு எடுத்துப் போகிறாள். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர் மட்டும்.