சிரிப்பு என்று நினைத்தது

சித்தியால் உட்கார முடியாது. ஜன்னல் திரைகள் தைப்பவள். மெஷின் முன்னால்கூட நாற்காலி நுனியில் தொற்றிக்கொண்டுதான் இருப்பாள். தைத்ததை வீடு வீடாகக் கொண்டுபோய் ஏணி போட்டு மாட்டுவதும் அவளே. திரும்பி வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் அடுப்பு, குழாய், துணிக்கொடி என்று ஒரு சுற்று.

"உன் கால்ல யாரு மோட்டார் வச்சது?" என்பார் லாரி ஓட்டும் சித்தப்பா. லாரியை நிறுத்திவிட்டு வந்தால் அவர் செய்யும் ஒரே வேலை படுத்திருப்பது.

அந்த வீட்டின் பின்னறையில் தங்கித்தான் நான் வேலைக்குப் போய்வந்தேன். சித்தியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க அங்கே ஒரே ஒரு ஆள், மேஸ்திரி. சாம்பல் நிறப் பூனை. விரித்த துணியின் நடுவில் உட்கார்ந்து வேலையை மேற்பார்வை பார்ப்பதால் அந்தப் பெயர். சித்தி திரைத்துணி வெட்டியதில் மிஞ்சிய நீள ஓரப்பட்டி ஒன்றைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடுவாள். மேஸ்திரி கட்டிலுக்கடியில் பாய்ந்து, திருப்பத்தில் சறுக்கி விழுந்து, துரத்தும். கடைசியில் வாயைத் திறந்து, நாக்கு நுனி தெரிய, விலா ஏறி இறங்க நிற்கும்.

"பாரு பாரு, மேஸ்திரி சிரிக்கிறார்!"

எனக்கும் அது சிரிப்பாகத்தான் தெரிந்தது.

அன்றொரு நாள், வெயில்கூட இல்லை. பட்டி ஜன்னலிலிருந்து மெஷின்வரைதான் போயிருக்கும். மேஸ்திரி பாதியிலேயே குந்தி, கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது.

"என்னடா, இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள சிரிப்பா?" சித்தி பட்டியை ஆட்டினாள். பூனை அதைப் பார்க்கவேயில்லை. அவள் கை மெல்ல நின்றது. "ஏங்க, இது சிரிப்பில்ல. மூச்சு வாங்குது."

"ஓடினா மூச்சு வாங்காம, காய்கறியா வாங்கும்?" சித்தப்பா கண்ணைத் திறக்கவில்லை.

"நாய்தானே நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கும்? பூனை இளைச்சு எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

பாதித் தையலில் ஒரு திரை ஊசியோடு மெஷினில் கிடக்க, மேஸ்திரியைக் கூடையில் வைத்துக் கிளம்பினோம். மருத்துவமனையில் பெஞ்சு காலியாக இருந்தது. சித்தி சுவருக்கும் கதவுக்கும் நடந்துகொண்டேயிருந்தாள்.

"உக்காரேன். உன்னைப் பாத்து எனக்கு மூச்சு வாங்குது," என்றார் சித்தப்பா.

"எத்தனை தடவை அப்படி நின்னுச்சு! ஒவ்வொரு தடவையும் நான் கைதட்டியிருக்கேங்க."

சித்தப்பா கூடையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

டாக்டரம்மா பூனையின் மார்பில் குழாயை வைத்து நிறைய நேரம் கேட்டார். "நாய்க்கு உடம்புச் சூடு தணிய இப்படி இளைக்கறதுதான் வழி. பூனை சாதாரணமா அப்படிச் செய்யாது. ரொம்ப ஓடினாலோ, வெயில்லயோ, பயத்துலயோ கொஞ்சம் வாயைத் திறக்கலாம், உடனே அடங்கிடணும். லேசா ஓடினதுக்கே வருதுன்னா, அடிக்கடி வருதுன்னா, இதயத்தையும் நுரையீரலையும் பாத்துடணும்."

"நான் ஓட்டி ஓட்டித்தான் கெடுத்துட்டேனா டாக்டர்?"

"முதல்ல ஸ்கேன் பாப்போம்."

மேஸ்திரியை உள்ளே கொண்டுபோனார்கள். கூடையில் முடி மட்டும் ஒட்டியிருந்தது. சித்தி அதை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பிடுங்கியதைக் கீழே போடாமல் உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. மாத்திரை உண்டு, கவனமாக வைத்துக்கொண்டால் காலம் தள்ளலாம்.

"என்னாலதான்னு சொல்லிடுங்க டாக்டர், பரவாயில்ல."

"இல்லம்மா. விளையாட்டு நோயைக் குடுக்கல. காட்டிக் குடுத்துச்சு. நீங்க அதோட ஓடலன்னா இது இப்பத் தெரிஞ்சேயிருக்காது. இனிமே கொஞ்சமா, மெதுவா விளையாடுங்க. வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நிறுத்திடணும். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நாக்கு நீலமானாலோ, யோசிக்காம தூக்கிட்டு வந்துடுங்க."

மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்த பிறகு ஒருநாள், மேஸ்திரி தானே பட்டியைக் கவ்விவந்து சித்தி காலடியில் போட்டது. அவள் நின்றாள், அடுக்களைப் பக்கம் ஓரடி வைத்தாள், திரும்பினாள். பிறகு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பட்டியை ஒரு சாண் நகர்த்தினாள். பூனை படுத்தபடியே ஒரு கையால் அடித்தது. இன்னொரு சாண். சித்தியின் கண் பட்டியில் இல்லை, அதன் வாயில் இருந்தது.

சிறிது நேரத்தில் நிறுத்தினாள். பூனையின் வாய் மூடித்தான் இருந்தது. மேஸ்திரி அவளை அண்ணாந்து பார்த்து, இன்னும், என்பதுபோல முழங்காலைச் சுரண்டியது.

"அவ்வளவுதான் மேஸ்திரி. போதும், போதும்."

இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு, அது தூங்கும்வரை சித்தி எழுந்திருக்கவில்லை.