தேயிலை மருந்து

பதுளை வீட்டு மீன்தொட்டியில் பாசி பிடித்தது என்னால்தான். உள்ளேயிருந்த செடிகள் அழகாகத் தெரியட்டும் என்று நாள் முழுதும் விளக்கை எரியவிட்டேன்.

"லைட்ட ஆறு மணித்தியாலம் மட்டும் போடுங்கப்பா. மிச்சப் பாசிய நத்தைங்க தின்னுரும்," என்றாள் மகள். அந்த நத்தைகள் ஹாலிஎல ஓடையில் அவள் பொறுக்கி வந்து தொட்டியில் விட்டவை.

"முப்பது வருசம் தேயிலைக்கு மருந்தடிச்சவன் நான். எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சீறினேன்.

நமுனுகுல பக்கம் நான் வேலை செய்த தோட்டத்தில், கொழுந்தில் கொப்புள நோய் கண்டால் அடிக்கும் செப்பு மருந்து வீட்டில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அரைக் கரண்டி தொட்டியில் கலக்கினேன்.

பாசி செத்தது. நத்தைகளும் செத்தன. மறுநாள் மீன்கள் மிதந்தன. கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருந்தது.

மகள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் வந்து, தொட்டி விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.