ஜலீல் துபாய் வகுப்பில் இருக்கிறார்

ஷம்லத் டீச்சருக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். கடந்த சில வருஷங்களாக அந்தக் கண்ணாடி பளபளவென்று இருப்பதற்கு அவளுடைய ஆன்லைன் வகுப்புதான் காரணம்.

தக்கலைக்கு மேற்கே அவளுடைய தெருவில் முதன்முதலாக பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள் அவள். நாகர்கோவில் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வந்த நாளில், 'பெண் பிள்ளை கணக்குப் படித்து எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகிறதாம்' என்று பேசியவர்களே பின்னால் தங்கள் பிள்ளைகளை அவளிடம் டியூஷனுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கல்யாணமாயிற்று, கணவர் ரியாத்துக்குப் போனார். இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே ஒரு மெட்ரிக் பள்ளியில் பாடம் எடுத்தாள். 'புரியல்ல டீச்சர்' என்று எழுந்து நிற்கிற பிள்ளை என்றால் அவளுக்கு உயிர். எல்லாவற்றுக்கும் மண்டையை ஆட்டுகிற பிள்ளையைக் கண்டாலே ஆகாது.

ஊரடங்குக் காலத்தில் பள்ளிக்கூடம் போனுக்குள் வந்தது. அப்போதுதான் ஒரு சங்கதியைக் கவனித்தாள். பையனிடம் கேள்வி கேட்டால் அவன் விழிப்பான். கொஞ்சம் பொறுத்தால் பின்னாலிருந்து அவன் உம்மாவின் கிசுகிசுப்பு வரும், பெரும்பாலும் சரியான விடையாக. எட்டாம் வகுப்போடும் ஒன்பதாம் வகுப்போடும் நிறுத்தி நிக்காஹ் பண்ணிக்கொடுத்த பெண்கள்! இவர்களைத் தனித்தேர்வர்களாகப் பத்தாம் வகுப்பு எழுத வைத்தால் என்ன?

ஜமாஅத் தலைவர் மைதீன்பிள்ளை ஹாஜியாரிடம் போய்க் கேட்டாள். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். பெண்கள் வாசற்படி தாண்ட வேண்டாம், பஸ் ஏற வேண்டாம், சமைத்துக்கொண்டே படிக்கலாம். பரீட்சைக்குப் பெயர் கொடுக்கச் சொல்லிப் பள்ளிவாசல் மைக்கிலேயே அறிவிப்பு செய்தார். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்கள். கேமரா போடக் கூடாது, மைக்கும் திறக்கக் கூடாது. யாராவது பதிவு செய்து வெளியே விட்டால் குடும்பப் பெண்களின் முகமும் குரலும் ஊரெல்லாம் சுற்றுமே. ஷம்லத்தும் சரியென்று தலையாட்டினாள். தலையாட்டுகிறவர்களைக் கண்டால் ஆகாத அதே ஷம்லத்தான்!

அன்று பிடித்தது அவளுக்குக் கிரகம்.

மதிய லுஹர் தொழுகை முடிந்து, சாப்பிட்டு, சாயங்கால அஸருக்கு முன்னால் வகுப்பு. திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆண் பெயர். எல்லாப் போனும் புருஷன் லீவில் வரும்போது வாங்கிக்கொடுத்து, தன் பெயரிலேயே கணக்குத் திறந்துவைத்துவிட்டுப் போனது. ஆகவே வருகைப் பதிவு இப்படி நடக்கும்: "ஜலீல் துபாய் வந்தாச்சா? காதர் வெல்டிங்? ஹாஜா ஏசி மெக்கானிக்?"

"பேர மாத்துங்க, உங்களுக்க சொந்தப் பேர போடுங்க" என்று தொண்டை வற்றக் கேட்டாள். ஒருத்தி வாட்ஸாப்பில் எழுதினாள்: 'அவங்க பேர அழிச்சா மனசு ஒரு மாதிரி இருக்கு டீச்சர். அந்நிய நாட்டுல கெடக்க மனுசன்.' இதற்கு எந்தக் கல்வியியல் புத்தகத்தில் பதில் இருக்கிறது? கண்ணாடியைத் துடைத்தாள்.

மைக் இல்லாததால் பதில் சொல்வதற்குக் கட்டைவிரல் படம் ஒன்றுதான் வழி. "புரிஞ்சுதா?" என்றால் விரல்கள் மளமளவென்று எழும். காதர் வெல்டிங் விரல் காட்டுவார். ஹாஜா ஏசி மெக்கானிக் இரண்டு தடவை காட்டுவார். பரீட்சை வைத்தால் பாதிப்பேர் வெள்ளைத்தாளைப் படமெடுத்து அனுப்புவார்கள். "யம்மா தாயே, புரியல்லன்னா புரியல்லன்னு எழுதுங்க. ஒரு வாட்டியாவது எழுதுங்க. நான் சந்தோஷமா திரும்ப எடுப்பேன்" என்று கெஞ்சினாள். அதற்கும் விரல் காட்டினார்கள்.

இது ஒருபுறமிருக்க, வளைகுடாவில் இருக்கும் ஊர்ச் சங்கத்தார் இதையெல்லாம் பெரிய புரட்சி என்று கொண்டாடினார்கள். 'இணையவழி எழுச்சி' என்று பளபளப்பான நோட்டீஸ் அடித்தார்கள். ஹாஜியார் படம், ஜமாஅத் செயலாளர் அனஸ் படம், சங்கத்தார் எல்லாருடைய படமும் அதில் இருந்தது. ஷம்லத் பெயருக்கு மேலே மட்டும் ஒரு ரோஜாப்பூ. அவளைக் கேட்டால், படம் போடாததில்கூட வருத்தமில்லை, ரோஜா அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது.

வினை வந்ததும் அந்தச் சங்கத்தால்தான். வகுப்பு நடக்கும்போது திரையை ஒரு படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினாள். அது குழுக் குழுவாகச் சுற்றி, யாரோ ஒருவர் கண்ணில் பட்டது. 'பெண்கள் வகுப்பில் எதற்கு இத்தனை ஆண்கள்?' அவ்வளவுதான், தீப்பிடித்துக்கொண்டது. துபாயில் ஜலீலை அவனுடைய அறைக்காரர்களே சூழ்ந்துகொண்டு, "ஏலே, நீ பொம்பளய கிளாஸ்ல போய் இருந்தியா?" என்று கேட்க, அவன் டூட்டியில் இருந்ததாக அல்லாஹ்மேல் ஆணையிட்டானாம்.

அந்த வருஷத் தேர்வுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஹால் டிக்கெட் வந்தாயிற்று, கணக்கில் பாடம் பாக்கி கிடந்தது. அந்த நேரத்தில் ஜமாஅத் அலுவலகத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. வகுப்பு நேரத்திலேயே கூட்டத்தை வைத்திருந்தார்கள். பெயர்க்கதை முழுவதையும் ஷம்லத் எடுத்துச் சொன்னாள்.

"அதெல்லாம் சரி. பொம்பளயதான்னு எப்படி நம்புதது? கேமராவ போடச் சொல்லுங்க" என்றான் அனஸ். அவனும் ஒரு காலத்தில் அவளிடம் படித்தவன்தான்.

"அஸ்தஃபிருல்லாஹ்! நாம இருந்து பாக்கவா?" என்று ஹாஜியார் பதறினார்.

கேமரா போடக் கூடாது, போடாததால் நம்ப முடியாது. ஷம்லத்துக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "ஹாஜியார், ஒரு வாட்டி மைக்கத் திறந்து அவங்கவங்க பேர மட்டும் சொல்லட்டும். குரல் கேட்டா போதும்லா?"

ஹாஜியார் தாடியைத் தடவி யோசித்தார். "சரி. பேரு மட்டும்."

மேஜை மேல் போனை வைத்து வகுப்பைத் திறந்தாள். கறுப்புக் கட்டங்கள் வரிசையாக வந்தன. "மக்களே, இங்க ஜமாஅத்துல எல்லாரும் இருக்காவ. அனுமதி உண்டு. மைக்கத் திறந்து உங்களுக்க பேர சொல்லுங்க."

ஒரு சத்தமும் இல்லை. ஆண்கள் இருக்கிறார்கள் என்று கேட்டதுமே அடுப்படிகளில் முந்தானை தலைக்கு ஏறியிருக்கும்.

"பேரு சொன்னா போதும் பிள்ளைகளே. சொல்லலைன்னா கிளாஸ் போச்சு."

இத்தனை வருஷம் யாருக்காகத் தொண்டையைக் கிழித்தோம் என்று ஷம்லத்துக்கு ஆத்திரமாக வந்தது. கை தானாகக் கண்ணாடிக்குப் போயிற்று.

ஹாஜியார் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். அவர் குரலில் கடுமை இல்லை, வருத்தம்தான் இருந்தது. "இன்னையோட இந்த கிளாஸ் கிடையாது. எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

கேட்டதுதான் தாமதம், விரல்கள் எழுந்தன. காதர் வெல்டிங் விரல் காட்டினார். ஹாஜா ஏசி மெக்கானிக் இரண்டு தடவை காட்டினார். ஷம்லத் திரையைப் பார்த்தாள். தன் வகுப்பை மூடுவதற்குத் தானே பழக்கிவிட்ட விரல்கள்.

போனை எடுத்து அணைக்கப் போனாள். அப்போது ஜலீல் துபாய் கட்டத்தில் மைக் திறந்தது. முதலில் குக்கர் விசில் வந்தது. பிறகு ஒரு பெண் குரல்.

"எனக்கு புரியல்ல."

ஹாஜியார் நிமிர்ந்தார். "யாரும்மா அது?"

"ஜலீலுக்க..." குரல் நின்றது. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. "மர்ளியா. எனக்க பேரு மர்ளியா."

"என்ன புரியல்ல மக்ளே?"

"பரீட்சைக்குப் பேரு குடுக்கச் சொன்னதும் நீங்கதான் ஹாஜியார், இப்பம் நிறுத்துததும் நீங்கதான். அது புரியல்ல. டீச்சர், அந்த முக்கோணத் தேற்றமும் புரியல்ல. அன்னைக்கு சும்மாதான் விரல் காட்டுனேன்."

ஷம்லத்துக்கு முதலில் வந்தது கோபம்தான். நாலு வருஷமாக மடிப்பிச்சை கேட்ட வார்த்தை, வகுப்பு முடிகிற அன்றா வர வேண்டும்? கண்ணாடியைக் கழற்றினாள். கண்களைத் துடைத்துக்கொண்டு திரும்பப் போட்டாள். மேஜையில் அந்தப் பளபளப்பு நோட்டீஸ் கிடந்தது. ரோஜாப்பூ அடியில் போகும்படி அதைக் கவிழ்த்து, பின்பக்கத்து வெள்ளையில் பெரிதாக ஒரு முக்கோணமும் அதன் குறுக்கே ஒரு கோடும் வரைந்தாள். தன் கேமராவைத் திறந்து அதன்மேல் பிடித்தாள்.

"எந்த இடம் மக்ளே? இந்தக் கோட்டுக்கு மேலயா, கீழயா?"

"டீச்சர்," அனஸ் செருமினான், "இங்க மீட்டிங்கு நடக்கு..."

"சத்தம் போடாத அனஸ்," என்றாள் ஷம்லத், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "கிளாஸ் நடக்குது."