கேள்விக்குறிக்குக் கையெழுத்து இல்லை

ஒரகடம் பக்கம் கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு சமயம் கதவுக் கைப்பிடியால் பெரிய தொல்லை. மெஷினிலிருந்து இறங்கும் சில கைப்பிடிகளில் மட்டும் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. சில நாள் வரும், சில நாள் வராது.

எனக்கு எழுதினால்தான் யோசனை ஓடும். பரிசோதனை மேசையில் ஒரு சாதாரண நோட்டு வைத்திருந்தேன். 'பிளாஸ்டிக் குருணையில் ஈரமா?' என்று எழுதுவேன். கொஞ்ச நேரத்தில், 'நன்றாகக் காய்ந்த மூட்டையிலும் வந்ததே' என்று அதை அடிப்பேன். பக்கத்தில் ஓர் அம்புக்குறி, ஒரு வட்டம். மற்றவர் பார்த்தால் கிறுக்கல். நான் அதைப் பார்த்துக்கொண்டே மெல்ல எங்கோ நெருங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்தார்கள். ஒருவர் நோட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு டாக்குமெண்ட் நம்பர் இருக்கா?" என்றார். இல்லை. அதை ஒரு குறையாக எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "இனிமே லைன்ல சொந்த நோட்டு கூடாதும்மா."

"சார், யோசிக்கிறதுக்குத்தான் வச்சிருக்கேன்."

"சிஸ்டத்துல யோசிங்க."

கம்ப்யூட்டர் சிஸ்டத்தில் தேதி, பார்ட் எண், குறை, எடுத்த நடவடிக்கை என்று கட்டங்கள் இருக்கின்றன. 'ஒருவேளை' என்று எழுதக் கட்டம் கிடையாது. விடாமல் கேட்டதில், சில வாரம் கழித்து நம்பர் போட்ட ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் பக்கத்தை எழுதி சூப்பர்வைசரிடம் நீட்டினேன். உள்ளூர்க்காரர், தங்கமான மனிதர்தான். நெடுநேரம் படித்தார்.

"இன்னாம்மா, எல்லாம் கேள்விக்குறியா போட்டு வச்சிக்கீற?"

"இன்னும் தெரியலண்ணே. அதான்."

"கேள்விக்கு நான் எப்டிம்மா கையெழுத்து போடுவேன்? நாளிக்கி ஆடிட்ல யாருனா கேட்டா நான் இன்னா சொல்றது? தெரிஞ்சப்புறம் எழுதி எடுத்துகினு வா."

தெரிந்த பிறகு நோட்டு எதற்கு? நோட்டை மூடி எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் பயம் அவருக்கு.

வேலை முடிந்து திரும்பும்போது கம்பெனி பஸ்ஸில் எழுதிப் பார்த்தேன். இருங்காட்டுக்கோட்டை வருவதற்குள் பஸ் போட்ட குலுக்கலில் என் எழுத்து எனக்கே புரியவில்லை. அறைக்குப் போய் எழுதலாம் என்றால், கூட இருக்கும் திருநெல்வேலிப் பெண்கள் சமைத்துக்கொண்டும் போனில் வீட்டாரோடு பேசிக்கொண்டும் இருப்பார்கள். அந்த நேரத்தில் மெஷின் முன்னால் தோன்றியது எதுவும் நினைவுக்கு வராது. தலையில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

இதற்கிடையில் அந்தக் கைப்பிடியை வார்க்கும் அச்சை சர்வீசுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த பிறகு கோடு விழவில்லை. மீட்டிங்கில் மேனேஜர், "ப்ராப்ளம் க்ளோஸ்" என்றார். காரணம் என்ற கட்டத்தில் 'அச்சு சர்வீஸ் செய்யப்பட்டது' என்று ஏறியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது காரணமே இல்லை. சர்வீசில் எதைச் சரிசெய்தார்கள் என்று, அச்சுகளைப் பராமரிக்கும் டூல்ரூமில் போய்க் கேட்டேன்.

"தொடச்சி, எண்ண போட்டு அனுப்சோம்மா. வேற ஒண்ணும் பண்ல," என்றார் அங்கிருந்தவர்.

அந்தக் கோடு ஏன் வந்தது, ஏன் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுபடி வந்தால் முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இப்போது வேறொரு பாகத்தில் சின்னதாகக் குழி விழுகிறது. எழுத வழியில்லாததால் மெஷின் பக்கத்தில் நின்று முணுமுணுத்துக்கொண்டே யோசிக்கிறேன். போன வாரம், பாகங்களைப் பெட்டியில் அடுக்கும் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, தனியா பேசிகினு கீற? வூட்ல எதுனா பிரச்சனையா?"

"இல்லக்கா, வேலையத்தான் யோசிக்கிறேன்."

"மெதுவா யோசி. சூப்பர்வைசர் வராரு."

வாயை மூடிக்கொண்டேன். யோசனையை எங்கே விட்டேன் என்று மறந்துபோனது.