ஆறு மாதம் தாங்காது என்று நான் சொன்ன அருளப்பன் சார்

அருளப்பன் சார் இன்று காலை போய்விட்டார். எண்பத்தாறு வயது. மகள் ஸ்டெல்லா போன் செய்தாள்.

ஆறு மாதம் தாங்க மாட்டார் என்று நான் சொன்ன மனுஷன்...

1980களின் தொடக்கம். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸ். மிஷன் ஸ்கூல் கணக்கு வாத்தியார், போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டார் என்று தூக்கி வந்தார்கள். மூளையில் ரத்தக் கசிவு. வலது கை, கால் வரவில்லை. பேச்சும் இல்லை.

"இப்ப எதுவும் சொல்ல முடியாது, மாசக்கணக்குல பொறுத்துப் பாக்கணும்" என்றார் டாக்டர். நானும் அதோடு விட்டிருக்கலாம்.

அவர் மனைவி வராண்டாவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களாவது உள்ளதச் சொல்லுங்க சிஸ்டர்."

மூன்று வருட சர்வீஸ். எல்லாம் தெரிந்த நினைப்பு எனக்கு. "ஆறு மாசம் தாங்காதும்மா. பொண்ணுக்குச் செய்ய வேண்டியதச் சீக்கிரம் செஞ்சிருங்க."

சாவு விழுந்தால் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போகுமே என்று அந்தம்மா பயந்துவிட்டார். ஸ்டெல்லா அப்போது டீச்சர் ட்ரெய்னிங் இரண்டாம் வருடம், பரீட்சைக்கு நான்கே மாதம். படிப்பை நிறுத்திவிட்டார்கள். மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பு ஓலையை, பங்குச் சாமியாரைக் கெஞ்சி ஒரே ஞாயிறில் வாசிக்க வைத்தார்கள். உசிலம்பட்டி மாப்பிள்ளை.

கோயிலுக்குப் போகும் வழியில் ஸ்டெல்லா கல்யாணச் சேலையோடு வார்டுக்கு வந்தாள். சார் இடது கையால் அவள் முந்தானையைப் பிடித்தார். விடவே இல்லை. வெளியே கார் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.

"வெளங்காமப் பிடிச்சிருக்காரு... இப்படித்தான் செய்வாங்க" என்று சொல்லி, விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது நான்தான்.

சார் சாகவில்லை. ஆறாம் மாதம் எழுந்து உட்கார்ந்தார். ஒன்றரை வருடம் கழித்துக் கம்பு ஊன்றி வார்டுக்கே வந்தார். சந்தோஷத்தில் டீ வாங்கி வரச் சொன்னேன். அவர் டீயைத் தொடவில்லை.

வார்த்தை வார்த்தையாகத் தேடிச் சொன்னார். "சிஸ்டர்... அன்னைக்கு... எனக்கு எல்லாம் வெளங்குச்சு."

அழுதுவிட்டேன். "அவகிட்டச் சொல்லீராதீங்க... வாக்கப்பட்டுப் போன புள்ள" என்றார்.

பிறகு இடது கையால் எழுதப் பழகி, ரிட்டையர் ஆகும் வரை கணக்கு நடத்தினார். ஸ்டெல்லா அந்தப் பரீட்சையை எழுதவே இல்லை.

அதற்கப்புறம் "எப்ப சிஸ்டர் சரியாகும்?" என்று யார் கேட்டாலும் "டாக்டரைக் கேளுங்க" என்று விலகிவிடுவேன்.

இன்று போனில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மாவை அவசரப்படுத்தியது நான்தான் என்பதையும், அப்பா என்னிடம் சொன்னதையும். வீட்டில் அப்பா உடல் கிடக்கும்போது சொல்கிற விஷயமா இது? என் வாய் அப்படி.

 கடைசியில் ஸ்டெல்லா கேட்டாள்.

"அப்ப அன்னைக்கு என்னைய விடாமப் பிடிச்சது... நெசமாவே போக வேணாம்னுதானா சிஸ்டர்?"

"ஆமாம்மா."

அழுதாள். நானும்தான்.

"நாளைக்கு நாலு மணிக்கு அடக்கம். வந்துருங்க" என்றாள்.

வாரேன் என்றேன்.

போய் வாருங்கள் சார்...