டிரங்குப் பெட்டியில் பதவி

லேக் கார்டன்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், பூஜைப் பண்டிகைக்கு முன்னால் ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அந்த வாசனை வந்தாலே எனக்கு எரிச்சல்தான்.

சிறுவயதில் அதற்கு ஒரே அர்த்தம், ராணுவத்திலிருந்த அப்பாவுக்குப் பதவி உயர்வு, கூடவே ஊர் மாற்றம். கறுப்பு டிரங்குப் பெட்டியில் 'மேஜர்' என்று இருந்ததை மறைத்துவிட்டு, வெள்ளை பெயிண்டில் புதுப் பதவியை எழுதுவார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா கேசரி கொடுப்பாள். அப்போதுதான் கிடைத்த தோழியை விட்டுப் போக வேண்டுமே என்று நான் அந்தப் பெட்டியை உதைப்பேன்.

"இந்தத் தடவை எந்த ஊருப்பா?"

"ஆர்டர் வந்தா தெரியும்." அப்பாவிடம் எப்போதும் இதே பதில்தான்.

அப்படியே ஜெனரல் வரை போனார். அவருக்கு நெஞ்சு நிறைய மெடல். எனக்குப் பள்ளிக்கூடம் மாறியதுதான் மிச்சம்.

நினைவு தடுமாறிப்போன அப்பா, இன்று அந்த வாசனைக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பெயிண்ட் அடிக்கறாங்களே! அடுத்த போஸ்டிங் எங்கம்மா?"

'ஆர்டர் வந்தா தெரியும்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"எங்கயும் இல்லப்பா. இனிமே இங்கதான்."

அவர் வாயிலிருந்து ஒரு தடவையாவது வராதா என்று நான் ஏங்கிய பதில் அது. அதைக் கேட்டதும் அப்பாவின் முகம் வாடிப்போயிற்று.